தாத்தா நின்ற தண்டவாளம் எது?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் பெரியப்பா வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில் பிஸ்கட் இருந்து யாரும் பார்த்ததில்லை. காலமானவர்களின் அடையாள அட்டைகள், மடிப்பு கிழிந்த கடிதங்கள், எப்போதோ கட்டிய வரி ரசீதுகள், எல்லாவற்றுக்கும் அடியில் உள்ளங்கை அளவில் ஒரு போட்டோ. சின்ன இன்ஜின் ஒன்று, அதன் முன்னால் நான்கு ஆண்கள், ஓரத்தில் சேலை கட்டிய ஒரு பெண், பின்னால் தகரக் கொட்டகை. போட்டோவின் முதுகில் ஊதாப் பென்சிலில் தமிழில் எழுதியிருந்தது: "நேட்டால் ரயில்வே 1898". நேட்டால் என்பது டர்பன் இருக்கும் பகுதியின் பழைய பெயர். எழுதியவர் சின்னத் தாத்தா. அவர் பிறந்ததே 1920-களில்.

நால்வரில் ஒருவர்தான் கொள்ளுத்தாத்தா என்பது வீட்டு நம்பிக்கை. அவர் ரயில்வேயில் வேலை பார்த்தார் என்பது அதைவிடப் பெரிய நம்பிக்கை. ரயில்வே என்றால் எங்கள் வீட்டில் கௌரவம். கரும்புத் தோட்டம் என்றால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால் படத்தில் இருப்பது எந்த ரயில் என்று நான் தோண்ட ஆரம்பித்ததும் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இங்கே பல தமிழ்க் குடும்பங்களிடம் இப்படி ஒரு படமாவது இருக்கும். விவரம் மட்டும் இருக்காது. எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழு வாழிடச் சட்டம் 1950-இல் வந்த பிறகு, டர்பனின் மேகசின் பேரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் ஜனங்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் கொண்டுவந்து போட்டார்கள். லாரியில் ஏறியதில் பாத்திரமும் சாமி படமும்தான் முதலில். போட்டோ வந்துசேர்ந்தாலும், அதில் யார், எங்கே என்று சொல்லக்கூடியவர்கள் வேறு வேறு தெருவுக்குச் சிதறிவிட்டார்கள். பின்புறக் குறிப்பெல்லாம் பெரும்பாலும் பிற்பாடு, அடுத்த தலைமுறை கேள்விப்பட்டதை வைத்து எழுதியது. ஆகவே அதை சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது; துப்பு என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

ரயில் படம் என்றதும் எல்லோரும் இன்ஜினைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். இன்ஜின் விற்கப்படும், இடம் மாறும், பெயிண்ட் மாறும், புகைபோக்கிகூட மாறும். போட்டோ எடுத்தவர் அழகாக நிறுத்திக் காட்டியதும் அதைத்தான். அவர் கவனிக்காமல் விட்டவைதான் நமக்குப் பேசும்: தண்டவாளம், கட்டை, கொக்கி, குழாய், பலகை.

முதலில் தண்டவாளத்தின் அகலம். நேட்டாலில் ரயில் ஓடத் தொடங்கியது 1860 ஜூன் 26. டர்பன் சந்தைச் சதுக்கத்திலிருந்து பாயிண்ட் துறைமுகம் வரை சுமார் மூன்று கிலோமீட்டர். அந்தப் பாதை 1435 மில்லிமீட்டர், அதாவது இங்கிலாந்தின் அகலம். மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு டர்பனில் வந்து நின்றது அதே ஆண்டு நவம்பர் 16. நம் ஆட்கள் கரை இறங்கியபோது ரயிலுக்கு வயது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1877-இல் அரசு ரயில்வேயைக் கையில் எடுத்து, மலையேற வசதியாகப் பாதையை 1067 மில்லிமீட்டராக, மூன்றரை அடியாகச் சுருக்கியது. தென்னாப்பிரிக்காவின் பிரதான ரயில்கள் இன்றும் ஓடுவது அதில்தான். உலகக் கணக்கில் இதுவே குறுகிய பாதை. ஆனால் இந்த நாட்டில் 'நேரோ கேஜ்' என்று யாராவது சொன்னால் அவர் சொல்வது இதைவிடக் குறுகிய, 610 மில்லிமீட்டர், இரண்டடிப் பாதையை. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மூன்றரை அடிப் பாதை பழகின மாதிரி இருக்கும். இரண்டடிப் பாதை பொம்மை ரயில் மாதிரி இருக்கும்.

படத்தில் ஸ்கேல் வைத்து அளக்க முடியாதே, என்ன செய்வது? நேர் எதிரிலிருந்து எடுத்த படமாக இருந்தால், பெட்டியின் உடம்பு தண்டவாள இடைவெளியைத் தாண்டி எவ்வளவு பிதுங்குகிறது என்று பாருங்கள். இரண்டடிப் பாதைப் பயணப் பெட்டி, இடைவெளியைப் போல மூன்று மடங்குக்கு மேல்கூட இருக்கும். ஒல்லிக் காலில் நிற்கும் கொக்கு போலத் தெரியும். இல்லாவிட்டால் மனிதர்களைப் பாருங்கள். எங்கள் படத்தில் இடப்பக்கம் நிற்பவர் ஒரு காலை ஒரு தண்டவாளத்திலும் மறு காலை மறு தண்டவாளத்திலும் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு, இடுப்பு வளையாமல் நிற்கிறார். மூன்றரை அடியில் இப்படி நின்று பாருங்கள், சிலம்பம் ஆடப்போகிறவர் மாதிரி இருப்பீர்கள். நான் வீட்டுக் கூடத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு இரண்டையும் நின்று பார்த்தேன். சந்தேகமே இல்லை, இரண்டடி.

இங்கேதான் பென்சில் குறிப்பு ஆட்டம் காண ஆரம்பித்தது. நேட்டாலில் அரசு ரயில்வே போட்ட முதல் இரண்டடிப் பாதை எஸ்ட்கோர்ட்டிலிருந்து வீனன் வரை போன பாதை, திறந்தது 1907-இல். அடுத்த ஆண்டு உம்சிண்டோவிலிருந்து டானிபுரூக் பக்கம் ஒன்று. பிறகு போர்ட் ஷெப்ஸ்டனிலிருந்து ஹார்டிங் நோக்கி ஒன்று, உம்லாஸ் ரோட்டிலிருந்து மிட் இல்லோவோவுக்கு ஒன்று. ஆக, 1898-இல் நேட்டால் ரயில்வேயிடம் இரண்டடிப் பாதையே கிடையாது. ஒன்று வருஷம் தப்பு, அல்லது 'ரயில்வே' தப்பு.

எது தப்பு என்பதைத் தரை சொன்னது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தண்டவாளத்துக்கு அடியில் மரக் கட்டைகளே இல்லை. அகலம் குறைந்த இரும்புத் தகடுகள், சீரான இடைவெளியில். ஜல்லியும் இல்லை, வெறும் மண்ணில் பாதை கிடக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு இணைப்பில் பாதை லேசாக ஒடிந்து திரும்புகிறது. இது ஏணி மாதிரித் துண்டு துண்டாகச் செய்து, இரண்டு மூன்று பேர் தூக்கிக்கொண்டு போய் வயலில் போட்டு, அறுவடை முடிந்ததும் பெயர்த்து அடுத்த வயலில் போடும் பாதை. பிரான்சின் டெகோவில் கம்பெனி பிரபலமாக்கிய முறை. பிறகு ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல், இங்கிலாந்தின் ஜான் ஃபவுலர் என்று பலரும் செய்து விற்றார்கள். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கென்றே பிறந்தது போன்ற பாதை இது. அரசு ரயில்வே எவ்வளவு சிக்கனமாகப் பாதை போட்டாலும் பயணிகள் போகும் பாதையை இப்படிப் போட்டுவிடாது.

பிறகு வண்டி. இன்ஜினுக்குப் பின்னால் பாதி தெரிகிற டிரக்கில் பக்கச் சுவர் கிடையாது. இரண்டு முனையிலும் நிமிர்ந்த இரும்புக் கம்பிகள், நடுவில் வெறும் சட்டம். கரும்பைக் குறுக்கே அடுக்க அவ்வளவு போதும். முக்கியமான அடையாளம் அதன் முனையில் இருந்தது, அல்லது அங்கே இல்லாமல் இருந்தது. அரசுப் பாதையில் ஓடும் பெட்டிகளுக்கு இரண்டு முனையிலும், எல்லாப் பெட்டிகளையும் சேர்த்து நிறுத்தும் வேக்குவம் பிரேக்கின் ரப்பர் குழாய் தொங்கும். யானைத் துதிக்கை மாதிரி வளைந்து, பழைய படத்தில்கூடப் பளிச்சென்று தெரியும். எங்கள் படத்து டிரக்கில் குழாய் இல்லை. இணைப்பும் சாதாரணச் சங்கிலி. தோட்டத்து டிரக்குகளை இன்ஜினே பிடித்து நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்தில் கட்டையைச் செருகுவார்கள். இறக்கத்தில் அது யார் உயிரோடு விளையாடிய ஏற்பாடு என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை. கரும்பு ஏற்றியிருக்கிறது என்பதாலேயே தோட்டத்து ரயில் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஹார்டிங் பாதையில் அரசு வண்டிகளே கரும்பும் மரமும் ஏற்றிப் போயின. அதனால்தான் சரக்கைவிடக் குழாயை நம்பச் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பெண். படத்தின் நகலை அத்தை மகன் வாட்ஸ்அப்பில்தான் முதலில் அனுப்பியிருந்தான். அதில் அவள் முந்தானை வலது தோளில் கிடந்தது. நம் பெண்கள் இடது தோளில் அல்லவா போடுவார்கள்? குஜராத்தி வீட்டுப் பெண்ணாக இருந்தால் வலது தோளில் முன்னால் கொண்டுவந்து விடுவார்கள். டர்பனில் அவர்களும் ஏராளம். ஆனால் அவள் கட்டியிருந்த கட்டு வேலைக்காட்டுக் கட்டு, கொசுவம் தூக்கிச் செருகியது. சந்தேகப்பட்டு ஆண்களின் கோட்டைப் பார்த்தேன். படத்தில் பொத்தான் நமக்கு வலது பக்கத்தில் தெரிந்தது. ஆண்கள் கோட்டில் இடப்பக்கம்தான் மேலே வரும், பொத்தான் அந்த ஆளின் வலது கைப் பக்கம், அதாவது நாம் பார்க்கும்போது இடதில் தெரிய வேண்டும். படம் கண்ணாடிபோல் திரும்பியிருந்தது. யாரோ செயலியில் நிமிர்த்தும்போது புரட்டிவிட்டார்கள். பெரியப்பா வீட்டுக்குப் போய் அசல் படத்தைப் பார்த்த பிறகு முந்தானை இடது தோளுக்கு வந்தது; இன்ஜின் பக்கவாட்டில் நான் ஏதோ எழுத்து என்று நினைத்திருந்த கிறுக்கல், எண் 2 ஆனது. ஒற்றை இலக்க எண்ணும் எனக்குச் சாதகம்தான். ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக்கொள்வது சொந்தமாக இரண்டு மூன்று இன்ஜின் மட்டும் வைத்திருப்பவர்களின் வழக்கம். அரசின் இரண்டடிப் பாதை இன்ஜின்களுக்குப் பிற்காலத்தில் எண்ணுக்கு முன்னால் 'என்.ஜி.' என்று போட்டார்கள்.

எழுத்துகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருஷத்தை நிர்ணயிக்க இதைவிட மலிவான வழி இல்லை. 'என்.ஜி.ஆர்.' என்று இருந்தால் நேட்டால் அரசு ரயில்வே. 1910-இல் நான்கு மாகாணங்களும் ஒன்றிணைந்தபோது மூன்று அரசு ரயில்வேக்களையும் சேர்த்து தென்னாப்பிரிக்க ரயில்வே ஆக்கினார்கள்; இன்ஜின்களுக்குப் புது எண் நடைமுறைக்கு வந்தது 1912-இல். ஆகவே இரண்டடிப் பாதையில் 'என்.ஜி.ஆர்.' எழுத்து தெரிந்தால் உங்கள் படம் 1907-க்கும் 1912-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்கும் இடையில் சிக்கிக்கொண்டது. இவ்வளவு குறுகிய ஜன்னல் எல்லோருக்கும் அமையாது. 'எஸ்.ஏ.ஆர்.' உடன் 'எஸ்.ஏ.எஸ்.' என்றும் சேர்ந்திருந்தால் அது ஆஃப்ரிகான்ஸ் பெயரின் சுருக்கம். ஆஃப்ரிகான்ஸுக்கு ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது 1925-இல்.

மூன்றரை அடிப் பாதைப் படங்களுக்கு இன்னொரு நல்ல கெடு இருக்கிறது. அங்கே பெட்டிகளை இணைத்தது ஜான்ஸ்டன் இணைப்பு: மணி வடிவ வாய்க்குள் ஒரு வளையம், மேலிருந்து ஒரு ஆணி. 1927 முதல் அதை எடுத்துவிட்டு, இரண்டு கைகள் விரல் மடக்கிக் கோத்துக்கொள்வது போன்ற தானியங்கி இணைப்பை மாட்ட ஆரம்பித்தார்கள். இரண்டடிப் பாதையில் மணி வாய் பிற்காலம் வரை தொடர்ந்தது, அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

இதை வைத்துப் பார்த்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காந்தியை இறக்கிவிட்ட ரயில் என்று உலவும் படங்கள் சிலவற்றை நொடியில் ஒதுக்கிவிடலாம். அது நடந்தது 1893 ஜூன் 7 இரவு. அவர் ஏறிய பாதை அன்று சார்ல்ஸ்டவுன் வரைதான்; அங்கிருந்து குதிரை வண்டி. இரும்பு உடம்புப் பெட்டியும் விரல் கோத்த இணைப்பும் இருமொழி எழுத்தும் உள்ள படத்தைப் போட்டு 'இந்த ரயிலில்தான்' என்று யாராவது பகிர்ந்தால், பகிர்ந்தவர் நல்லவராக இருக்கலாம், படம் குறைந்தது முப்பது நாற்பது வருஷம் பிந்தியது.

கட்டடங்கள் இதைவிடக் கஷ்டம். ஏனென்றால் அந்தக் கால நேட்டாலில் எல்லாமே மரச்சட்டமும் நெளித்தகரமும்தான். ஸ்டேஷன் தகரம், கிடங்கு தகரம், பள்ளிக்கூடம் தகரம், நம் ஆட்கள் வீடும் தகரம். எங்கள் படத்துக் கொட்டகையை ஸ்டேஷன் என்று சின்னத் தாத்தா நினைத்ததில் தப்பில்லை. கிளைப் பாதை ஸ்டேஷன்கள் பலவற்றில் ஒரு தகரக் கூரையும் பெஞ்சும் மட்டுமே இருந்தன, பிளாட்பாரம் தரைமட்டம். ஸ்டேஷனைக் காட்டிக்கொடுப்பது பெயர்ப்பலகை. பல பலகைகளில் பெயரோடு கடல் மட்டத்திலிருந்து உயரமும் எழுதியிருக்கும். உயரம் அடியில் இருந்தால் 1970-களுக்கு முந்தைய பலகை, மீட்டரில் இருந்தால் பிந்தையது. உயரத்தை வைத்து ஊரைக்கூடக் கண்டுபிடிக்கலாம், பெயர் பாதி மறைந்திருந்தாலும். 'ஐரோப்பியருக்கு மட்டும்', 'வெள்ளையர் அல்லாதோர்' என்று பிரித்துக் காட்டும் பலகைகளையும் தேடுங்கள். இனப்பிரிவினை 1948-இல் அரசுக் கொள்கை ஆவதற்கு முன்பே இருந்ததுதான், ஆனால் 1953-இல் தனித்தனி வசதிச் சட்டம் வந்த பிறகு அந்தப் பலகைகள் வாசலுக்கு வாசல் முளைத்தன. எங்கள் ஆயா எந்த ஸ்டேஷன் படத்தைக் காட்டினாலும் கட்டடத்தைப் பார்க்க மாட்டார், "நம்ம வாசல் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார். அடையாளம் காண அதுவும் ஒரு வழி.

ஒரே படத்தில் மூன்றரை அடிப் பாதையும் இரண்டடிப் பாதையும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தால் அதிர்ஷ்டம். அப்படி இரண்டும் சந்தித்தது நேட்டாலில் சில இடங்களில்தான்: எஸ்ட்கோர்ட், உம்சிண்டோ, டானிபுரூக், உம்லாஸ் ரோடு, போர்ட் ஷெப்ஸ்டன். கடலோரச் சமவெளி தெரிகிறதா, மேட்டு நிலப் புல்வெளி தெரிகிறதா என்று பார்த்தாலே பாதி கழிந்துவிடும். ஆழமான பள்ளத்தாக்கின் மேல் எழுபது மீட்டருக்கும் உயரமான இரும்புப் பாலத்தில் இரண்டடி ரயில் நின்றால் அது நேட்டாலே இல்லை. போர்ட் எலிசபெத் பக்கம் வான் ஸ்டாடன்ஸ் பள்ளத்தாக்கு, ஆவண்டூர் போகும் பாதை.

கடைசியாக இன்ஜின். இரண்டடிப் பாதையின் நட்சத்திரம் காரட் இன்ஜின். நடுவில் கொதிகலன், முன்னால் ஒரு சக்கரத் தொகுதியின் மேல் தண்ணீர்த் தொட்டி, பின்னால் இன்னொரு தொகுதியின் மேல் நிலக்கரி. பல்லக்கை இரண்டு பேர் தூக்கிப்போவது போல இருக்கும். வளைவில் இரண்டு தொகுதியும் தனித்தனியே திரும்பும். தென்னாப்பிரிக்காவுக்கு முதலில் வந்தவை 1919-இல், மான்செஸ்டரின் பேயர் பீகாக் கட்டிய மூன்று. அதற்கு முந்தைய தேதி எழுதிய காரட் படம் எதையும் நம்ப வேண்டாம். மிகப் பிரபலமான என்.ஜி.ஜி. 16 வகை 1937-இல் பெல்ஜியத்தின் காக்கரில் ஆலையில் தொடங்கி, 1960-களின் பிற்பகுதியில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஜெர்மிஸ்டனில் கட்டியவை வரை நீண்டது. அவற்றில் சில இப்போது வேல்ஸ் நாட்டு மலை ரயிலில் ஓடுகின்றன. பின்னணியில் கல் வேலியும் செம்மறி ஆடும் நல்ல பச்சைப் புல்லும் இருந்து, இன்ஜின் சிவப்பில் மினுங்கினால், 'பழைய நேட்டால்' என்று கீழே எழுதியிருந்தாலும் அது வேல்ஸ்.

எங்கள் படத்து இன்ஜின் காரட் இல்லை. நான்கு சக்கரம், கொதிகலன் மேல் குதிரைச் சேணம் போலத் தண்ணீர்த் தொட்டி. பக்கவாட்டில் முட்டை வடிவப் பித்தளைத் தகடு ஒன்று தெரிகிறது. அதுதான் தயாரித்தவர் தகடு. அதில் ஆலை எண்ணும் கட்டிய வருஷமும் இருக்கும். அந்த வருஷத்தைப் படம் எடுத்த வருஷம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தோட்டத்து இன்ஜின் ஐம்பது அறுபது வருஷம் உழைக்கும். எங்கள் தகட்டில் வெயில் பட்டு வெள்ளையாகிவிட்டது, ஒரு எழுத்தும் தேறவில்லை.

ஆக, வருஷம் சரியாகவே இருக்கலாம். அதை மறுக்கப் படத்தில் எதுவும் இல்லை. தப்பு 'ரயில்வே'தான். கொள்ளுத்தாத்தா நின்றது ஒரு கரும்புத் தோட்டத்துத் தண்டவாளத்தில்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளரின் பதிவேடுகள் இருக்கின்றன: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதுவரை. நேட்டால் ரயில்வேயும் ஒப்பந்த ஆட்களை நிறைய எடுத்ததால், அதன் பெயருக்கு எதிரே எத்தனையோ முனுசாமிகளும் கோவிந்தன்களும் வருவார்கள். மூன்று வருஷமாக நான் அந்தப் பட்டியலில்தான் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தேன், கிடைக்காமல். இப்போது முதலாளி என்ற கட்டத்தில் தோட்டங்களின் பெயர்களை வைத்துத் தேடுகிறேன். நேற்று இரவு வரை கரையோரத் தோட்டங்கள் ஏழு முடிந்திருக்கின்றன.

படத்துக்குப் புதுக் குறிப்பை ஒரு தனித் தாளில் எழுதி உறையில் வைத்தேன்: இரண்டடிப் பாதை, தோட்டத்து டிரக், இன்ஜின் எண் 2, படம் புரட்டப்படாத அசல். ஊதாப் பென்சிலை அழிக்கவில்லை. பெரியம்மா அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் டப்பாவை மூட விட்டார். "தோட்டத்துல ஓடினதையும் அவங்க ரயில்வேன்னுதான் சொல்லுவாங்கடா," என்றார். "எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லுவா."